வாளியில் வைக்காத விரல்

போன மாதம் தி. நகரில் ஒரு சின்ன மண்டபத்தில் எங்கள் தொழில்காரர்கள் கூடினோம். மொட்டை மாடி, வெளிப்படிக்கட்டு, கார் நிறுத்தும் தரை என்று வெயிலிலும் மழையிலும் கிடக்கிற கான்கிரீட்டுக்கு, ஈரம் உள்ளே இறங்காமல் காக்கிற சீலர் அடிக்கிற ஆட்கள் நாங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒரு சாப்பாடு, கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான் எங்கள் சங்கம். முழங்கால் ஒத்துழைக்காததால் இந்த வருடத்தோடு நான் வேலையை நிறுத்திக்கொண்டேன். அதற்காக எனக்கு ஒரு சால்வை போட்டு, கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள்.

வணக்கம் சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி எனக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு கேள்வி கேட்டார். இப்போது மெஷினில் ஸ்ப்ரே அடித்து ஒரே நாளில் முடிக்கிறோம், டின்னிலேயே பத்து வருட உத்தரவாதம் போட்டிருக்கிறது, நீங்கள் மட்டும் ஏன் கழுவுவதற்கே இரண்டு மூன்று நாள் எடுத்தீர்கள் என்று. நல்ல கேள்வி. பதில் என் நெஞ்சு வரைக்கும் வந்தது. நான் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர்தான், "பேச வராட்டி எழுதிக் குடு ஏழுமலைண்ணே, சங்க மலர்ல போட்டுக்கலாம்" என்றார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வாசிக்கிற பழக்கமே டின்களின் பின்பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தைப் பார்த்து வந்ததுதான். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை.

அந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நூரக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முழுப்பெயர் நூர்ஜஹான். திருவல்லிக்கேணியில் வீடு. அவருடைய அண்ணன் நடத்திவந்த பெயிண்ட் கடையை அவர் வெளிநாடு போனதும் இவர் எடுத்துக்கொண்டார். கடையோடு நிற்காமல் சீலர் வேலையும் ஒப்பந்தத்துக்கு எடுக்க ஆரம்பித்தார். கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவர். நான் அவரிடம் சேர்ந்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள். அதுவரை சிந்தாதிரிப்பேட்டையில் இருந்து தினமும் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் என்னைவிட மூன்று வயது பெரியவர். முதல் இரண்டு வருடம் கழுவினேன், தேய்த்தேன், ரோலர் பிடித்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது அவர் வேலை பார்க்கிற விதம். ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டுவார். சீட்டுக்கு அடியில் இருந்து காதுக்கு மருந்து விடுகிற சொட்டுக்குழாயை எடுப்பார். தரையில் உட்கார்ந்து, அந்த இடத்தில் ஒரு சொட்டு, இந்த இடத்தில் ஒரு சொட்டு தண்ணீர் விடுவார். பிறகு வாட்சைப் பார்ப்பார். சொட்டு உடனே உள்ளே போய்விட்டால் கான்கிரீட்டுக்குத் தாகம், சீலரைக் குடிக்கும். அப்படியே குண்டாக நின்றால் பழைய பூச்சோ எண்ணெயோ மேலே இருக்கிறது, அதை எடுக்காமல் எதை அடித்தாலும் நிற்காது. வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். சொட்டு போன பிறகுதான் நிமிர்வார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆளைத் திட்டவேண்டுமென்றால்கூட அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொல்வார்.

எங்கள் ஊரில் கடல் காற்று சும்மா வருவதில்லை, உப்போடு வருகிறது. அது ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டின் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். பெசன்ட் நகரில் பால்கனிக்கு அடியில் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சீலர் அடிப்பது அந்த உப்பு உள்ளே போகாமல் தடுக்கத்தான். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற உப்பை வைத்து மூடினால், திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிய கதைதான். அதனால்தான் நூரக்காவுக்குக் கழுவுவது பாதி வேலை. கடைசித் தண்ணீர் குடிநீர் வாரியம் விடுகிற மெட்ரோ தண்ணீராக இருக்கவேண்டும். கடலோரத்தில் ஆழ்துளை போட்டு எடுக்கிற போர் தண்ணீரில் பாதி இடங்களில் உப்பு. சீலர் டின்னைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், கழுவிய வாளியில் மிச்சம் இருக்கிற தண்ணீரில் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு சைட்டிலும் இது நடக்கும்.

கஜா என்று எங்களோடு ஒருவன் இருந்தான். நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் மூடாது. "அக்கா, சாம்பார் சரியா கீதா? உப்பு போதுமா?" என்று கேட்பான். நூரக்கா சிரிக்காமல், "உப்பு இல்லாம இருந்தாதான் நமக்குச் சாப்பாடு" என்பார்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நடந்தது ஞாபகம் வருகிறது. மாடியில் புதுத் தளம் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கிரகப்பிரவேசத்துக்குள் சீலர் அடித்தே ஆகவேண்டும் என்றார் வீட்டுக்காரர். புதுக் கான்கிரீட் நாலு வாரமாவது இறுகிக் காயவேண்டும், அதற்கு முன்னால் தொடமாட்டேன் என்றார் நூரக்கா. வேறு ஆளை வைத்து அடித்துக்கொள்கிறேன் என்றார் அவர். நூரக்கா ஒரு அடி சதுரத்துக்கு பாலித்தீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டினார். "நாளைக்கு காலைல இத எடுத்துப் பாருங்க சார். அடியில தண்ணி இல்லாட்டி வேற ஆள வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வீட்டுக்காரரே கடைக்கு போன் செய்தார். தாளுக்கு அடியில் வெந்நீர்க் குளியல் முடிந்த பாத்ரூம் கண்ணாடி மாதிரி ஈரமாம். எப்போது வருகிறீர்களோ அப்போதே வாருங்கள் என்றாராம்.

இப்படி ஒருவரிடம் வேலை பார்த்துக்கொண்டுதான், நாலாவது வருடம் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பெசன்ட் நகரில் ஊரூர் குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய தனி வீடு. கணவன் மனைவி இருவர் மட்டும். வீட்டுக்கார மாமா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வாக்கர் பிடித்துத்தான் நடக்கவேண்டும், படி ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கேட்டில் இருந்து வாசற்கதவு வரை படிகளை இடித்துவிட்டு, கான்கிரீட்டில் ஒரு சாய்தளம் போட்டிருந்தார் மாமி. ஐந்தடி அகலம். அது நன்றாக இறுகிக் காய்ந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். மாமாவுக்குப் பார்வையும் கொஞ்சம் மங்கல். தரை எங்கே முடிகிறது என்று தெரிகிற மாதிரி செங்காவி நிறத்தில் சீலர் வேண்டும் என்றார். நிறம் வேண்டுமென்றால் மேலே படலமாக நிற்கிற சீலர்தான் அடிக்கமுடியும். வழுக்காமல் இருக்க அதில் நைஸ் மணல் கலந்து அடிப்பதாக நூரக்கா ஒத்துக்கொண்டார். மாமா வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

வேலையை என்னிடமும் கஜாவிடமும் விட்டார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "கடைசி ரெண்டு தடவ மெட்ரோ தண்ணிதான். சம்ப்புத் தொட்டில இருக்குது, மாமிகிட்ட கேட்டு மோட்டார் போடச் சொல்லு" என்றார். தலையாட்டினேன்.

கழுவி முடிக்கிற நேரத்தில் கஜா டீ குடிக்கப் போய்விட்டான். நான் வாசற்கதவு வரை போனேன். உள்ளே மாமி போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியோடு பேசுகிறார் என்று தெரிந்தது. ஒரு தடவை இருமினேன். அவருக்குக் கேட்கவில்லை. கதவைத் தட்டக் கை தூக்கினேன். அந்தக் கை இறங்கிவிட்டது. நான் சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். பஸ்ஸில் சில்லறை பாக்கி இருந்தால் கேட்காமல் இறங்கிவிடுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் சுவரில் இருந்த காலண்டரை முழுதாகப் படித்துவிட்டு வந்தவன் என்று கஜா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தோட்டத்துக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போர் தண்ணீர். நல்ல வெயில். தண்ணீர் தண்ணீர்தானே என்று அன்றைக்கு மட்டும் எனக்குத் தோன்றியது. அந்தக் குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, தரை ஊற ஊற இரண்டு தடவை கழுவினேன்.

இரண்டு நாள் காயவிட்டு, பாலித்தீன் ஒட்டிப் பார்த்தோம். அடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை; தாள் ஈரத்தைத்தான் காட்டும், உப்பைக் காட்டாது. நூரக்கா வந்தார், தாளைத் தூக்கிப் பார்த்தார். வாளியும் மிச்சத் தண்ணீரும் அங்கேதான் இருந்தன. இன்னொரு சைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று, "சரி, அடிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் சாய்ந்தரத்துக்குள் இரண்டு கோட்டும் முடிந்தது. மாமி கேட்டில் நின்று பார்த்து, கோயில் பிராகாரம் மாதிரி இருக்கிறது என்று சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து மாமி கடைக்கு போன் செய்தார். மூன்று பேரும் போனோம். செங்காவி நிறத்தில் அங்கங்கே யாரோ அரிசிமாவைக் கொட்டிக் காலால் தேய்த்த மாதிரி வெள்ளை. சில இடங்களில் படலம் அப்பளம் மாதிரி எழும்பி, தொட்டால் செதில் செதிலாக வந்தது. அந்தச் செதில் வாக்கரின் ரப்பர் காலுக்கு அடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. மாமா வர இரண்டு நாள்தான் இருந்தது.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கஜா என் காதருகில் வந்து, "மச்சி, பழிய டின்னு மேல போட்ருவோம். பழைய சரக்குன்னு சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்காத, அது உனக்கு நல்லா வரும்" என்றான். அவனுக்கும் விஷயம் தெரியும். டீ குடித்துவிட்டு வந்தபோது வாளி எந்தக் குழாய்க்கு அடியில் இருந்தது என்பதை அவன் பார்த்திருந்தான்.

நூரக்கா தரையில் உட்கார்ந்தார். வெள்ளையை நகத்தால் சுரண்டி விரல் நுனியில் எடுத்தார். நாக்கில் வைத்தார். பிறகு மாமியிடம் ஒரு எலுமிச்சை மூடி கேட்டார். மாமி கொண்டுவந்ததும் வெள்ளையின் மேல் இரண்டு சொட்டுப் பிழிந்தார். சிமெண்டில் இருந்து வெளியே வருகிற சுண்ணாம்பாக இருந்தால் எலுமிச்சை பட்டதும் நுரைத்துப் பொங்கும், ருசியும் இருக்காது. இது பொங்கவில்லை, நாக்கிலும் கரித்திருந்தது. அவர் நாலு இடத்தில் அப்படிப் பார்த்தார். அவசரப்படவே இல்லை. எனக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு நாள் மாதிரி போயிற்று.

எழுந்து, முழங்காலில் இருந்த தூசியைத் தட்டினார்.

"மாமி, சரக்குல தப்பில்ல. சிமெண்ட்லயும் தப்பில்ல. கழுவின தண்ணில உப்பு. தப்பு என்னுதுதான்."

என் பக்கம் திரும்பவே இல்லை. மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. உங்களை நம்பித்தானே விட்டேன், இத்தனை பேர் உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்களே, நாளை மறுநாள் இவர் ஆத்துக்கு வருகிறார், இன்னொரு தரம் விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டே போனார். நூரக்கா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. நிழலுக்குக்கூட நகரவில்லை.

நான் பேசாமல் இருந்திருந்தால் அது அத்தோடு முடிந்திருக்கும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அவரை அப்படி நிற்கவைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நான்தான் மாமி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "நான்தான் போர் பைப்புல கழுவிட்டேன். உங்ககிட்ட கேட்டு மெட்ரோ தண்ணி எடுக்கச் சொல்லித்தான் அக்கா சொல்லிட்டுப் போனாங்க. கதவாண்ட வந்தேன். கூப்பிட கூச்சமா இருந்துது."

மாமி என்னை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கூச்சமா? நாலு நாளா எங்காத்து வாசல்ல வேலை பண்ணிண்டிருந்தியே. மாமின்னு ஒரு குரல் குடுத்திருந்தா மோட்டார் போட்டிருக்க மாட்டேனா? நான் என்ன புலியா?"

கஜா மெதுவாக, "புலின்னா கூட கேட்டிருப்பான் மாமி" என்றான். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கிற மாதிரி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல அவர் நடந்து வரதுக்கு வழி பண்ணுங்கோ. கோபத்தை அப்பறம் பட்டுக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் மூன்று பேரும் சேர்ந்து அந்தப் படலத்தை எடுத்தோம். ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பட்டைத் தகட்டால் வழித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து. நூரக்காவும் சேலையைச் சொருகிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து வழித்தார். ஓனர் என்று ஓரமாக நிற்கவில்லை, யார் தப்பு என்று ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மாமா வந்து இறங்கியபோது சாய்தளம் பழையபடி வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தது. நிறம் இல்லை, ஆனால் வழுக்காது. ஓரங்கள் தெரிவதற்காக இரண்டு பக்கமும் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார் நூரக்கா. மாமா வாக்கரை ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கதவு வரை போனார். அதுவரை நாங்கள் யாரும் உட்காரவில்லை.

உள்ளே இறங்கின உப்பை எடுப்பதுதான் கஷ்டமான வேலை. கழுவக் கழுவ அது இன்னும் கீழே போகும், மேலே இழுக்கவேண்டும். அதற்கு நூரக்கா சொன்ன வழி இது. பழைய செய்தித்தாளை மெட்ரோ தண்ணீரில் ஊறவைத்து, கூழாகப் பிசைந்து, ஒரு விரல் கனத்துக்குத் தரையில் அப்பவேண்டும். கூழ் காயும்போது, கான்கிரீட்டுக்குள் இருக்கிற ஈரத்தை உப்போடு சேர்த்து மேலே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாளில் ரொட்டி மாதிரி காய்ந்து பெயர்ந்து வரும். அதில் ஒரு துண்டை நல்ல தண்ணீரில் கரைத்து ருசி பார்ப்போம். உப்புக் கரித்தால் திரும்பவும் அப்பவேண்டும். மாமா நடப்பதற்காகப் பாதி அகலத்தை விட்டுவிட்டு, மறுபாதியில் அப்பினோம். அந்தப் பாதி முடிந்ததும் இந்தப் பாதி.

செய்தித்தாளை மாமிதான் கொடுத்தார். ஒரு பரண் நிறைய இருந்தது. மாமா வாக்கரோடு வந்து நின்று, "நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப வந்த பேப்பரெல்லாம் இன்னும் படிக்கலையே, அதையுமா அரைச்சுட்டேள்?" என்று கேட்டார். அரைத்திருந்தோம். தினமும் காலையிலும் மாலையிலும் அவர் நடைப்பயிற்சிக்கு அந்தச் சாய்தளத்தில்தான் நடப்பார். நாங்கள் மண்டியிட்டு அப்புவோம். கூழ் கரைத்த தண்ணீரை நான் நாக்கில் வைக்கும்போதெல்லாம் நின்று, "எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். மூன்றாவது தடவை அப்பி எடுத்தபோது கரிக்கவில்லை. மாமா தானும் ஒரு விரல் நனைத்துப் பார்த்து, சரிதான் என்றார்.

கடைசியில் நிறம் இல்லாமல், உள்ளே இறங்கி நிற்கிற சீலரை அடித்தோம். பளபளப்பு இல்லை, அடித்த மாதிரியே தெரியாது. தண்ணீர் விட்டால் மட்டும் முத்து முத்தாக நின்று ஓரமாக உருண்டு போகும். டேப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டோம். அந்த மழைக்காலம் முழுவதும் மாமா அதில் நடந்தார். அடுத்த வருடம் கைத்தடியோடு நடந்தார்.

வேலை முடிந்த அன்று குப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடையில் நின்றோம். அப்போதுதான் நூரக்காவிடம் கேட்டேன், அதுவும் கிளாஸைப் பார்த்துக்கொண்டுதான். தப்பு என்னுடையதாக இருக்க, அன்றைக்கு ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று.

"உனக்காகச் சொன்னேன்னு நெனச்சியா?" என்றார். "நான் எல்லா சைட்லயும் வாளில விரல் வெச்சுப் பாக்குறவ. அன்னிக்கு வந்தேன், வாளியும் இருந்துச்சு. ஏழுமலை கழுவுனதுதானேன்னு வைக்காமப் போய்ட்டேன். அப்ப அது என் தப்பு இல்லாம யாருது?"

கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

"இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணி கேக்குறது உன் வேல. கஜா கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அடுத்த சைட் அடையாறு காந்தி நகரில். பெரிய கேட், உள்ளே நாய். ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு மணியை அடித்தேன். வெளியே வந்தவரிடம், "சார், மெட்ரோ தண்ணி வேணும்" என்றேன். அவர், "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு மோட்டாரைப் போட்டார்.

மூன்று நாள் கழித்து, கழுவியது காய்ந்ததும் நூரக்கா வந்தார். சொட்டு விட்டுப் பார்த்தார், பாலித்தீனைத் தூக்கிப் பார்த்தார். வாளிக்கு அருகில் வந்தார். இந்த முறை விரல் வைக்காமல் போகமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

"அடி" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதிதாக வருகிற ஆட்களின் வாளியில் அவர் இன்றைக்கும் விரல் வைக்கிறார். கஜாவின் வாளியிலும் வைக்கிறார், அவனும் சாம்பார் ஜோக்கை விடவில்லை. நான் வேலையை நிறுத்துகிற வரை, அத்தனை வருடத்தில், என் வாளியில் மட்டும் அவர் ஒரு தடவைகூட விரல் வைக்கவில்லை.

மெஷினை நான் குறை சொல்லமாட்டேன் தம்பி. நல்ல மெஷின்தான். அதை ஓடவிடுவதற்கு முன்னால் வாசலில் போய், நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நூரக்கா என் வாளியில் விரல் வைக்காததால் தினமும் நான் வைக்கவேண்டியதாகிவிட்டது. அவர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, போன பிறகு ஒரு தடவை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் குழாயைத் திறந்து குடத்தை வைத்தாலும் சுண்டுவிரல் தானாக உள்ளே போகிறது. பிடித்து வைத்த தண்ணீரில் கை விடாதே என்று என் மனைவி தினமும் திட்டுகிறாள்.